சுண்டெலி குணமடைந்த கதை

குழந்தைகள் மனநலப் பிரிவுக்குக் குழந்தைகள் வருவது நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதனால் பிரிவு மிகவும் சுத்தமாக இருந்தது. கூடத்தில் குட்டி நாற்காலிகள் வரிசை கலையாமல் நின்றன. சுவரிலிருந்த ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடாததால் அது மட்டும் பழைய வழக்கப்படி எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "அடுத்த குழந்தை உள்ளே வரவும்" என்று தேன் ஒழுகச் சொல்லும். கொஞ்ச நேரம் காத்திருக்கும். யாரும் எழுந்து வராததைப் பற்றி ஒன்றும் நினைக்காமல் அடுத்த எண்ணுக்குப் போகும். கூட்ட வருகிற அம்மாள் மட்டும் அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கதவை ஒரு தரம் பார்ப்பாள்.

அந்தப் பிரிவில் பொம்மை டாக்டர் என்று ஒருத்தி இருந்தாள். குழந்தைகள் வந்துகொண்டிருந்த காலத்தில், அவள் அலமாரியிலிருந்த கைப்பொம்மைகளைப் பார்த்து அவர்கள் வைத்த பெயர் அது. பிறகு பெரியவர்களுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. மேசைக்கடியில் நுழைகிற பிள்ளையோடு அவளும் நுழைவாள். ஒரு பையன் ஒரு மாதம் முழுக்க அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டை அடுக்கினான். அவளும் வாயைத் திறக்காமல் தன் பங்குக்குக் கட்டை அடுக்கினாள். கடைசியில் அவன் திரும்பிப் பார்த்து, "உனக்கு அடுக்கவே தெரியல" என்றான். அவன் யாரிடமும் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. அதைத்தான் வைத்தியம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

பிறகு 'அருகில்' வந்தது. அது ஒரு காணொளிச் செயலி. இயக்குநர் அதைத் தொடங்கி வைத்துப் பேசிய பேச்சை ஊழியர்கள் எல்லோரும் கேட்டே ஆக வேண்டியிருந்தது.

"இத்தனை வருஷமா நாம செஞ்ச பெரிய தப்பு என்ன தெரியுமா? குழந்தைகளை உள்ள விட்டது. வந்தாங்க, அழுதாங்க, சுவத்துல கிறுக்கினாங்க, குழாயைத் திறந்து விட்டாங்க. இதுக்கு நடுவுல ஒரு டாக்டர் எப்படிக் குழந்தைகளைக் கவனிக்க முடியும்? இனிமே அந்தத் தொல்லை இல்ல. குழந்தை அவங்க வீட்டுல, நாம நம்ம அறையில. தூரத்துல இருந்தாத்தான் உண்மையிலேயே அருகில் இருக்க முடியும்னு நாம காட்டப்போறோம்."

செவிலியர் ஒருத்தி கையைத் தூக்கினாள். "குழந்தைங்க வீட்டுலயே இருந்தா, நாங்க எதுக்கு சார் தினமும் ரெண்டு பஸ் மாறி இங்க வரணும்?"

"ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல சிஸ்டர்?" என்றார் இயக்குநர். அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

'அருகில்' சில விதிகளோடு வந்தது. முதலாவது, பார்வை. திரையில் குழந்தையின் முகத்தைப் பார்த்தால் டாக்டர் கீழே பார்ப்பதுபோல் குழந்தைக்குத் தெரியுமாம். எனவே திரைக்கு மேலே இருக்கும் பச்சை விளக்கைப் பார்க்க வேண்டும். விளக்கை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று செயலி அளந்து 'கனிவு' என்ற தலைப்பில் மதிப்பெண் போடும். மாதம் முழுக்க ஒரு குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்காத ஒருவர் கனிவில் முதலிடம் வந்தார்.

அடுத்தது, தலையசைப்பு. இதற்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. வேகமாக அசைத்தால் படம் உடைந்து முகம் கட்டம் கட்டமாகிவிடும் என்பதால், தண்ணீருக்கடியில் அசைப்பதுபோல அசைக்கச் சொன்னார்கள். பயிற்சி முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனபோது, சாதம் போடுகிறவர் "போதுமா?" என்று கேட்டதற்கு முப்பது டாக்டர்கள் மெல்ல, மிக மெல்லத் தலையசைத்தார்கள். அவர் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு, பின்புலம். குடும்பங்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக, திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செயலி புகையாக்கிவிடும். பிள்ளைகள் பனிமூட்டத்தில் தோளளவு மூழ்கியவர்கள் மாதிரி தெரிவார்கள். யாராவது கையைப் பின்னால் நீட்டினால் கை கரைந்து போகும். சில சமயம் புகைக்குள் ஏதோ அசையும். அது அம்மாவா, திரைச்சீலையா என்று கேட்பது விதிமீறல்.

எல்லாவற்றுக்கும் மேலானது மௌன விதி. அரை நிமிடத்துக்கு யாரும் பேசாவிட்டால் இணைப்பு பழுதாகிவிட்டது என்று செயலி முடிவு செய்து துண்டித்துவிடும். "மௌனம்னா என்ன? யாரும் உபயோகிக்காத இணைப்பு" என்று இயக்குநர் விளக்கினார். "ஓடற விசிறியை ஆள் இல்லாத அறையில விடுவோமா?"

பேசாத பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கும் இடத்தில் இது கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது. எதிர் அறை மூத்த டாக்டர் அதற்கு வழி கண்டுபிடித்தார். பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருந்தால் செய்தித்தாளில் காய்கறி விலை வாசிப்பார். "கத்திரிக்காய் இறங்கியிருக்கு, வெங்காயம் ஏறியிருக்கு" என்று அவர் குரல் காலியான நடைவழியில் வந்துகொண்டே இருக்கும். அழுகிற பிள்ளை வாய்த்தால் அவருக்கு நிம்மதி. "அழுகையும் சத்தம்தானேம்மா. லைன் நிக்கும். நான் அந்த நேரத்துல ஒரு காபி குடிச்சிடுவேன்" என்று பொம்மை டாக்டருக்கு நல்ல மனதோடு யோசனை சொன்னார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெண்குழந்தை அவளிடம் வந்தாள். வந்தாள் என்றால், திரையில் வந்தாள். ஆறு வயது. மெல்லிய கழுத்து, பெரிய கண்கள், சுற்றிலும் புகை. பக்கத்தில் அம்மாவின் பாதி முகம்.

"போன மழைக்காலத்துலேர்ந்து ஒரு வார்த்தை பேசல டாக்டர்" என்றாள் அம்மா. "அதுக்கு முன்னாடி வாய் ஓயாது. காது எல்லாம் பார்த்தாச்சு, நல்லா இருக்கு. பள்ளிக்கூடத்துல இனிமே கூட்டிட்டு வராதீங்கன்னுட்டாங்க."

"வீட்ல வேற பிள்ளைங்க?"

அம்மா ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். "இல்ல. இவ மட்டும்தான்."

பொம்மை டாக்டர் பச்சை விளக்கை மறந்து குழந்தையைப் பார்த்தாள். குழந்தையும் அவளைப் பார்த்தாள். அந்தக் கண்களில் பயமில்லை, பிடிவாதமும் இல்லை. மிகவும் கவனமாக ஏதோ வேலை செய்துகொண்டிருக்கிற ஆளின் கண்கள். பழைய ஞாபகத்தில் டாக்டர் பேசாமல் காத்திருந்தாள். குழந்தையின் தோள் கொஞ்சம் இளகியது. அதே நேரம் திரை இருண்டது.

திரும்ப இணைப்பு கிடைக்க வெகுநேரம் ஆனது. குழந்தை தலையைக் குனிந்திருந்தாள்.

"கோவமா டாக்டர்?" என்றாள் அம்மா, அழாக்குறையாக. "இவ பேசலன்னுதானே எழுந்து போய்ட்டீங்க? இவளும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டா. முகத்தைப் பாருங்க."

"ஐயோ, இல்லம்மா. நான் போகல. லைன்தான் தானா…"

"பரவால்ல டாக்டர். எல்லாரும் அப்படித்தான் போறாங்க."

அன்றிலிருந்து டாக்டர் ஓயாமல் பேசினாள். மழையைப் பற்றிப் பேசினாள், யானைக்கு எத்தனை பல் என்று பேசினாள், பேசாமல் இருப்பது தப்பே இல்லை என்பதைப் பற்றி முக்கால் மணி நேரம் விடாமல் பேசினாள். சொல்ல ஒன்றும் இல்லாமல் போன ஒரு நாள் அலமாரியைத் திறந்து சுண்டெலியை எடுத்தாள். சாம்பல் நிறக் காலுறையில் தைத்த கைப்பொம்மை. அதற்குக் கீச்சுக் குரல். சுண்டெலி கேள்வி கேட்டது, டாக்டர் பதில் சொன்னாள். டாக்டர் கேட்டாள், சுண்டெலி சொன்னது. இரண்டு பேர் பேசுவதால் லைன் உறுதியாக நின்றது. கனிவு மதிப்பெண் குறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்திருந்ததால் அவள் கண்ணைப் பச்சை விளக்கை விட்டு எடுக்கவில்லை.

இதன் பலன் வீட்டில் தெரிந்தது. சமைக்கும்போது அடுப்பிடம் பேசினாள். குளிக்கும்போது குழாயிடம் பேசினாள். பேச்சை நிறுத்தினால் எதிரில் இருப்பது எதுவானாலும் இருண்டு போய்விடும் என்று பயந்தாள். ஒரு நாள் அவள் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"இப்ப பேசினது யாரு?"

"நான்தான்."

"இல்ல. வேற குரல்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் தொண்டைக்குள் அந்தக் கீச்சுக் குரல் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

கொஞ்ச நாளில் இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். அவள் உள்ளே போனதும் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் வணங்கினார்.

"சாதிச்சிட்டீங்க டாக்டர்! பேசாத குழந்தையைப் பேச வெச்சிட்டீங்க. செயலி சொல்லுது, கடைசி சந்திப்புல பாதிக்கு மேல குழந்தைதான் பேசியிருக்கா."

"சார், குழந்தை பேசல. அது சுண்டெலி."

"யாரு?"

"சுண்டெலி சார். கையில மாட்டற பொம்மை. நான்தான் குரலை மாத்திப் பேசினேன்."

இயக்குநர் நிதானமாக யோசித்தார். "அந்தச் சுண்டெலி நம்ம ஊழியரா?"

"இல்ல சார்."

"அப்ப மருத்துவர் தரப்பு இல்ல. அம்மாவோட குரல் தனியாப் பதிவாகியிருக்கு, அதனால அவங்களும் இல்ல. மிச்சம் யாரும்மா? நோயாளிதானே?"

"சார், அது காலுறை!"

"நல்ல சேதி வந்தா நம்ம ஆளுங்களுக்குத் தாங்கிக்கவே தெரியறதில்ல" என்றார் இயக்குநர் வருத்தத்தோடு. "சிகிச்சையை முடிச்சாச்சு. குணமாயிட்டாள்னு சான்றிதழ் அவங்க வீட்டுக்குப் போயாச்சு. அடுத்த வாரம் விழா."

"முடிச்சுட்டா அந்தக் குழந்தை என்ன சார் ஆகும்?"

"என்ன ஆகும்? குணமானவளா இருப்பா. குணமான ஒருத்தரை நோயாளின்னு பிடிச்சு வெச்சுக்கறது எவ்வளவு பெரிய கொடுமை, நீங்களே சொல்லுங்க."

அறைக்கு ஓடிவந்து குழந்தையின் இணைப்பை அழுத்தினாள். திரையில் பூக்கள் பொழிந்தன. 'வாழ்த்துகள். இவர் குணமடைந்துவிட்டார். குணமடைந்தவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.' மறுபடி அழுத்தினாள். மறுபடி பூக்கள். ஒரு வாரம் முழுக்க அவள் அழுத்திய போதெல்லாம் பூக்கள் சளைக்காமல் பொழிந்தன.

விழா பிரிவின் கூடத்தில் நடந்தது. வேறு இருக்கைகள் இல்லாததால் அதிகாரிகள் குட்டி நாற்காலிகளில், முழங்கால் முகவாயில் இடிக்க, மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கி நடுநடுவே "அடுத்த குழந்தை உள்ளே வரவும்" என்றது. ஒவ்வொரு தடவையும் இயக்குநர் பேச்சை நிறுத்தி அதற்கு இடம் கொடுத்தார்.

"சிலர் கேட்டாங்க, குழந்தையை நேர்ல பார்க்காம எப்படி வைத்தியம் பண்ணுவீங்கன்னு. நான் கேக்கறேன், குழந்தையைப் பார்த்தவங்க எத்தனை பேரைக் குணமாக்கினாங்க? பார்த்தா பிரச்சினைதான் தெரியும். பார்க்காம இருந்தாத்தான் முன்னேற்றம் தெரியும். இதோ, அந்தக் குழந்தையோட குரலை நீங்களே கேளுங்க!"

விளக்குகளை அணைத்தார்கள். பெரிய திரையில் குழந்தையின் முகம் எழுந்தது. அத்தனை பெரிதாக, புகையில் மிதந்துகொண்டு. பொம்மை டாக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். அந்தச் சந்திப்பில் அவள் இந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. பச்சை விளக்கைத்தான் பார்த்தாள்.

சுண்டெலியின் குரல் கூடத்தை நிறைத்தது. "எனக்கு ரொம்பப் பசிக்குது! யாராவது எனக்கு ஒரு துண்டு ரொட்டி தருவாங்களா?"

"எவ்வளவு தெளிவாப் பேசறா பாருங்க!" என்றார் ஒரு அதிகாரி.

திரையில் குழந்தை வாயே திறக்கவில்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவள் முகம் சுண்டெலி கத்தக் கத்தச் சுருங்கியது. புகைக்குள் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு விரலை எடுத்து உதட்டின் மேல் வைத்தாள்.

"பார்த்தீங்களா, நமக்கு முத்தம் அனுப்பறா!" என்றார் இயக்குநர். கைதட்டல் எழுந்தது.

கைதட்டல் அடங்கும்போது, சுண்டெலியின் கீச்சுக் குரலுக்கு அடியில், தரையோடு ஊர்ந்து வருவதுபோல் இன்னொரு குரல் கேட்டது. குழந்தையின் உதடுகள் விரலுக்குப் பின்னால் அசைந்தன.

"சத்தம் போடாதீங்க. தம்பி தூங்கறான்."

கூடத்தில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. சுண்டெலி ரொட்டிப் பாட்டுப் பாட ஆரம்பித்திருந்தது. சிலர் தாளம் போட்டார்கள். "இப்போது நமது டாக்டர் நான்கு வார்த்தை பேசுவார்" என்று அறிவித்தபோது அவள் நாற்காலி காலியாக இருந்தது.

குழந்தையின் வீட்டுக்கு நேரில் போவது அனுமதியில்லாத காரியம். வழியெல்லாம் கைப்பையில் தொலைபேசி துடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. வீடு ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. கதவைத் திறந்த அம்மா முழு முகத்தோடு நின்றாள். திரையில் பார்த்ததைவிட வயது குறைவு.

"டாக்டர்? நீங்களா?" அவள் குரல் உடனே இறுகியது. "எதுக்கு வந்தீங்க? அவதான் குணமாயிட்டாளே. சான்றிதழ் வந்துச்சு. உங்ககிட்ட நல்லாப் பேசறாளாமே."

"அம்மா…"

"என்கிட்டதான் பேச மாட்டேங்கறா. நான் என்ன பாவம் பண்ணேன்னு கேட்டேன். கெஞ்சினேன். ஒரு நாள் அடிக்கக்கூட அடிச்சுட்டேன் டாக்டர். முன்ன பின்ன தெரியாத உங்ககிட்ட பேசுவா, பெத்தவகிட்ட பேச மாட்டாளா?"

"அவ என்கிட்டயும் பேசலம்மா. அது என் குரல். தப்பு எங்களோடது." டாக்டர் படியிலேயே நின்றாள். "ஒரே ஒரு தடவை பேசியிருக்கா. அதை நான் கேக்காம விட்டுட்டேன். தம்பி தூங்கறான்னு சொன்னா."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு மாசம்தான் இருந்தான். அன்னிக்கு இவ பள்ளிக்கூடம் விட்டு வந்து, எதையோ சொல்றதுக்காகக் கத்திக்கிட்டே ஓடி வந்தா. நான்தான் சொன்னேன், சத்தம் போடாத, தம்பி தூங்கறான்னு. அப்பவே அவன்… எனக்குத் தெரியாது டாக்டர். சாயங்காலம்தான் பார்த்தோம். இவளை உடனே மாமா வீட்டுக்கு அனுப்பிட்டோம். திரும்பி வந்தப்போ யாரும் ஒண்ணும் சொல்லல. சின்னப் புள்ள, கேக்கவும் இல்ல, மறந்துட்டான்னு நினைச்சோம்."

உள்ளே போனார்கள். திரையில் புகையாக இருந்த அறை இப்போது அறையாக இருந்தது. ஜன்னல், அலமாரி, மடித்த போர்வைகள். சுவரோரம் ஒரு மரத் தொட்டில். அதன் மேல் வெள்ளை விரிப்பு போர்த்தியிருந்தது.

"எடுத்துப் போட மனசு வரல" என்றாள் அம்மா.

குழந்தை தொட்டிலின் காலருகே தரையில் உட்கார்ந்து, தாளில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். வண்ணக்குச்சியை மாற்றும்போது மற்றவை ஒன்றோடொன்று மோதிவிடாதபடி விரல்களால் அணைத்துப் பிடித்து எடுத்தாள். டாக்டரைக் கண்டதும் விரல் உதட்டுக்குப் போனது.

பொம்மை டாக்டர் செருப்பில்லாத காலை மெல்ல வைத்து நடந்து, அவளுக்கு எட்டத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் தொண்டை அரித்தது. கீச்சுக் குரல் மேலே ஏறி வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது. இந்த அறை இருண்டுவிடும், இந்தக் குழந்தை அணைந்துவிடும் என்று உடம்பு முழுக்கப் பதறியது. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அறை அப்படியே இருந்தது. குழந்தை இருந்தாள்.

பிறகு டாக்டர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். நடந்ததை அம்மாதான் சொல்ல வேண்டும்.

அம்மா வந்து மண்டியிட்டாள். எட்டி விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். உள்ளே தட்டையான சின்ன மெத்தை மட்டும் இருந்தது.

"தம்பி தூங்கல கண்ணு" என்றாள். "தம்பி செத்துப் போய்ட்டான். அன்னிக்கே. இனிமே அவன் எழுந்துக்க மாட்டான்."

குழந்தை எழுந்து தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். கையை விட்டு மெத்தையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவினாள். அப்புறம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். வெகுநாள் திறக்காத கதவு மாதிரி இருந்தது அந்தக் குரல்.

"நான் சத்தமே போடலியேம்மா."

அம்மா அவளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். தெருவில் ஒரு வண்டி ஒலியெழுப்பிக்கொண்டு போனது. ஒவ்வொரு சத்தத்துக்கும் குழந்தை அம்மாவின் தோளுக்கு மேலாகத் தலையைத் தூக்கித் தொட்டிலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்தினாள்.